ஐம்பத்தேழு பேர் கேட்டது

நாராயணசாமி முதலியாரின் ஞாபகத்துக்குப் பதினைந்து ரூபாய் விலையானது. அது போய்விட்டது என்று சொன்ன டாக்டருக்குக் கொடுத்த ஃபீஸ். இருந்த காலத்தில் அதற்கு யாரும் விலை வைத்ததில்லை, வைத்திருந்தாலும் கட்டியிருக்காது. புதுச்சேரிப் பெரிய கடையில் முப்பத்தைந்து வருஷம் மல்லாட்டை மண்டி நடத்தியவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எந்த ஊர்க் குடியானவர் எந்த வருஷம் எத்தனை மூட்டை போட்டார், அதில் எத்தனை மூட்டையில் மண்ணாங்கட்டி கலந்திருந்தது என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லுவார்.

அவர் மண்டிக்கு அடுத்த கதவு எங்கள் வெல்ல மண்டி. பேரம் பேசிவிட்டுத்தான் பால் குடிப்பான் செட்டி வீட்டுப் பிள்ளை என்று தெருவில் என்னைக் கேலி செய்வார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

1959 மாசியில் நாங்கள் நாலு பேர் மிஷன் வீதி டாக்டர் ஒகுஸ்திடம் போனோம். முதலியார், அவர் மகன் கலியமூர்த்தி, மண்டியில் அளவுக்காரராக இருந்த கொளஞ்சி, நான். டாக்டர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர். பேச்சில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. எனக்கு நாலு பிரெஞ்சு வார்த்தை தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தான் கலியமூர்த்தி.

டாக்டர் முதலியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "இது எந்த வருஷம் முசியே?"

முதலியார் லேசில் வாய் திறக்கிறவரா? "நீங்க எவ்ளோன்னு நெனைக்கிறீங்க? மொதல்ல நீங்க சொல்லுங்க."

"ஐம்பத்தொன்பது."

"அதான் நடப்பு வெல. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லப் போறதில்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே கலியமூர்த்தியைக் காட்டினார். "இவரு யாரு?"

முதலியார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பகல் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். "தெரிஞ்சவருதான். நம்ம மண்டிக்குச் சரக்கு போடுவாரு. நல்ல மனுசன். கொஞ்சம் ஈரம் சேத்துப் போடுவாரு, அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் குழலை வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார். "மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் சுருங்கிப் போச்சு. உள்ள சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி. ரத்தம் போகுது, போதல. பட்டினி கெடக்கிற எடம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகுது."

"ஒடம்புல ரத்தம் கொறவா டாக்டர்?" என்றான் கலியமூர்த்தி.

"நோன், நோன். இருக்கிறது போய்ச் சேரல."

எங்களுக்குப் புரியவில்லை. கதவோரம் நின்றிருந்த கொளஞ்சி மெதுவாகக் கேட்டார். "ஏரியில தண்ணி இருக்குது. வாய்க்கா தூந்துபோச்சி. கடமடை காயுது. அப்பிடிதானுங்களே?"

டாக்டர் மேஜையைத் தட்டினார். "வுவாலா! அதேதான்! படிச்ச மனுஷங்க ரெண்டு பேருக்கு வெளங்கல பாரு. மடை தெறந்த நேரத்துல கடமடைக்கும் கொஞ்சம் எட்டும். காலையில நல்லா இருப்பார். மத்தியானம் சாப்பிட்டதும் ரத்தம் வயித்துக்குப் போயிடும், இருக்க மாட்டார். நடிக்கிறார்னு நெனைக்காதீங்க. படுத்திருந்தா சடார்னு எழுப்பாதீங்க."

"அப்ப குழா சுருங்கினதாலதான் மறதியா?" என்றான் கலியமூர்த்தி.

"அது இருக்கே, மறதிக்குன்னு ஒரு தனி வியாதியும் உண்டு. மூளையே உள்ளுக்குள்ள உதிர்ந்து போகும். அதால ரத்தம் கொறையுதா, ரத்தம் கொறைஞ்சதால அது வருதா, எனக்குப் பாடம் சொன்ன பாரீஸ் வாத்தியாருக்கே தெரியாது. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுத் தள்ளும். சுருட்டை நிறுத்துங்க. காலையில நடக்க விடுங்க. பழகின வேலையைப் பழகின ஆளோட செய்யட்டும்."

பழகின ஆள் என்றால் கொளஞ்சிதான். வாசலில் வண்டி வந்து நின்றால் முதலியாருக்கு முன்னால் அவர் குரல் எழும். "வாங்க வாங்க! நம்ம கோர்க்காடு கலியபெருமாளு வந்துருக்காரு முதலாளி. போன வருசம் இருவத்திரண்டு மூட்ட போட்டாரே, அவருதான்!" முதலியார் அதை அப்படியே பிடித்துக்கொள்வார். "கலியபெருமாளா, வா. இருவத்திரண்டுல ரெண்டு சொத்த." குடியானவருக்கு உச்சி குளிரும். பிறகு துண்டைப் போட்டு அதற்கடியில் இருவரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ரூபாய், மடக்கினால் பாதி. சுற்றி நிற்கிற எவருக்கும் விலை தெரியாது. மகன் பெயர் மறந்துபோன மனிதருக்கு விரல் மட்டும் மறக்கவில்லை. இப்படி இரண்டு வருஷமாகக் கொளஞ்சி அவருக்கு ஞாபகமாக இருந்திருக்கிறார். அளவுக்காரக் கூலிக்குள் இது சேர்த்தியில்லை.

அவர் அவர் என்று எழுதுகிறேன். அப்போதெல்லாம் நாங்கள் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினோம். எங்களைவிட இருபது வயது மூத்தவர்.

டாக்டர் சொன்னது வியாபாரி மூளையில் வேறு மாதிரி போய் உட்கார்ந்தது. பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது என்றால் பத்து பங்கு அதிகமாகச் சரக்கு ஏற்ற வேண்டும்; அவ்வளவுதானே கணக்கு? ரத்தம் ஊறுவதற்கு ஆட்டு ஈரலைப் போல ஒன்றும் கிடையாது என்று எவரோ கலியமூர்த்தி காதில் போட்டுவிட்டார்கள். ஆனால் அது சைவ முதலியார் வீடு. வெங்காயத்தைக்கூட வெள்ளிக்கிழமை ஒதுக்கிவைக்கிற வீடு.

கொளஞ்சியைத் தனியாகக் கூப்பிட்டான். பக்கத்தில் நான் இருந்தேன்.

"கொளஞ்சி, உன் வூட்ல ஈரல் சூப்பு வெப்பாங்களா?"

"கெடச்சா வெப்பாங்க. மொதலாளிக்கு எதுக்கு?"

"எனக்கில்லடா. நைனாவுக்கு. வெளிய தெரியக் கூடாது."

கொளஞ்சி கையிலிருந்த மரக்காலைக் கீழே வைத்தார். "வாய்க்கா தூந்துகிடக்கச்சொல்ல ஏரிய ரொப்பி என்னா புண்ணியம்? செய்யச் சொல்றீங்க, செய்யறன்."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் முருங்கப்பாக்கத்துக்கு சைக்கிளில் போவார். அவர் மனைவி அஞ்சலாட்சி மிளகு தட்டிப் போட்டு ஈரல் சூப்பு வைத்து, தூக்குச் சட்டியில் ஊற்றி, மேலே துணி கட்டிக் கொடுப்பாள். மண்டியின் பின்கட்டுதான் முதலியார் வீடு. வாசல் வழியாக வந்தால் நாறிப்போகும் என்று பின்சந்து வழியாக வருவார். கலியமூர்த்தியின் மனைவி தனக்கொடி அதைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. மல்லாட்டைத் தோல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கடைசி அறையில், அதற்கென்று ஒதுக்கிய அலுமினியக் குவளையில் ஊற்றி, கஷாயம் என்று சொல்லிக் கொடுப்பார் கொளஞ்சி. முதலியார் கடைசிச் சொட்டுவரை குடிப்பார்.

"எந்த வைத்தியன்டா இவன்? அறுவத்தெட்டு வயசுல இப்பிடி ஒரு கஷாயம் நான் குடிச்சதில்ல. கையில ராசி இருக்குது."

"முருங்கப்பாக்கத்து வைத்தியச்சிங்க."

"வைத்தியச்சியா! அதான."

இந்த நேரத்தில்தான் முதலியாரின் கடைசிப் பெண் செல்வாம்பாளுக்கு வரன் வந்தது. திருப்பாதிரிப்புலியூர். பெண் பிறந்து இருபத்துமூன்று வருஷம். இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சம்பந்தி வீடு ருத்திராட்சம் கழற்றாத சைவம். விசாரிக்கும்போதே கேட்டார்களாம்: "குடும்பத்துல புத்தி கலங்குன ஆளு யாரும் உண்டா?" ஒருவரும் இல்லை என்றான் கலியமூர்த்தி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வீட்டில் எல்லாருக்கும் புத்தி கொஞ்சம் அதிகம், அதுதான் தொந்தரவு என்றேன். சிரித்தார்கள்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை. மாமியாரின் காசுமாலையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள் தனக்கொடி. பிரெஞ்சுத் தங்கக் காசு கோத்தது, இருபத்தோரு பவுன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிக் கூடத்தில் வேட்டிமேல் காயவைத்தாள். பங்குனி வெயிலில் ஓடு வெடிக்கும்போல இருந்தது. இரண்டு மணிக்குமேல் கடல்காற்று வந்ததும் கண் அயர்ந்துவிட்டாள். விழித்தபோது வேட்டி மட்டும் இருந்தது. செல்வாம்பாள் மாடியில். முதலியார் தோல் அறையில் தூக்கம். சந்துக்கு எதிர்வீட்டுக்காரி சொன்னாள், "கொளஞ்சி துணி கட்டின தூக்கோட உள்ள போச்சு, அதே மாதிரி வெளிய போச்சு. ஒரு மாசமாவே திருட்டுத்தனமாதான் போவுது வருது."

நாலு மணி. மண்டி நிறைந்திருந்த நேரம். வண்டிகள் வரிசையாக அவிழ்த்துக் கிடந்தன. மல்லாட்டை உடைப்புக்காரப் பெண்கள் முறத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கலியமூர்த்தி உள்ளிருந்து ஓடிவந்து, மூட்டை அளந்துகொண்டிருந்த கொளஞ்சியின் கன்னத்தில் அறைந்தான். மரக்கால் உருண்டு போய்த் தராசில் மோதி நின்றது.

"மாலைய எங்கடா வெச்ச?"

"எந்த மாலைங்க?"

"திருட்டு நாயே! தூக்குல போட்டுத்தானடா எடுத்துக்கினு போன?"

ஒரு பெண் முறத்தைக் கீழே வைத்தாள். கொளஞ்சி கன்னத்தைத் தொடவில்லை. கலியமூர்த்தியை நேராகப் பார்த்தார். "தூக்குல இன்னா வந்துச்சின்னு மொதல்ல நீங்க சொல்லுங்க மொதலாளி. இன்னா போச்சின்னு அப்புறம் நான் சொல்றன்."

இவ்வளவுதான் சொன்னார். சொல்ல வேண்டியவன் கலியமூர்த்தி. சைவ வீட்டில் ஈரல் சூப்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் முதலியாரின் தலை கடைத்தெருவுக்கு வரும். மறுநாள் சம்பந்தி வருகிறார். கலியமூர்த்தியின் வாய் திறந்தது, மூடியது. கொளஞ்சி திரும்பி என்னைப் பார்த்தார். மண்டி வாசலில் கையில் வெல்ல அச்சோடு நின்றிருந்தேன். எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். மிளகு வாசனையை வைத்து எத்தனை நாள் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! நான் வெல்லத்தை நிறுக்கப் போய்விட்டேன்.

"பாத்தீங்களா, பதில் இல்ல அவன்கிட்ட" என்றான் கலியமூர்த்தி, கூட்டத்தைப் பார்த்து. கொளஞ்சி தோளில் கிடந்த மண்டித் துண்டை எடுத்து மடித்து மரக்கால்மேல் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கலியமூர்த்தி போலீசுக்குப் போகவில்லை, போனால் சம்பந்தி காதுக்கு எட்டும். செல்வாம்பாளுக்குக் காய்ச்சல் என்று வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல் சூளைக்காரன் தோல் மூட்டைக்கு வந்தான். கலியமூர்த்தியும் நானும் மூட்டையை எண்ணி வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். அடுக்கின் அடியில் ஒரு மூட்டை மட்டும் வாய் வேறு மாதிரி கட்டியிருந்தது: இரண்டு சுற்று, உள்முடிச்சு. அந்த முடிச்சு பெரிய கடையில் ஒரே ஒரு ஆள் போடுவது. பிரெஞ்சுக்காரன் காலத்தில், எல்லையில் சுங்கச் சாவடி இருந்தபோது, முதலியார் தோல் மூட்டைக்குள் கைக்கடிகாரம், சென்ட் புட்டி வைத்து அந்த முடிச்சைப் போட்டு கனகசெட்டிக்குளம் வழியாக வண்டி ஓட்டியிருக்கிறார். கடத்தல் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. வியாபாரம் என்றே பெயர்.

கலியமூர்த்தி முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டான். தோலோடு காசுமாலை வந்தது.

முதலியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "டேய்! அத ஏண்டா அவுக்கிற? சாவடியில புது ஆளு வந்துருக்கான், மூட்டைய ஊசி வுட்டுக் குத்திப் பாக்கறானாம். அடியில போடு."

"சாவடிய எடுத்து அஞ்சு வருசம் ஆச்சி நைனா!"

"யாரு சொன்னா?"

கலியமூர்த்தி தோலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். கதவருகில் செல்வாம்பாள் நின்றாள்.

"அண்ணே, அப்ப கொளஞ்சி அண்ணன் எடுக்கலியா?"

"இல்ல."

"போய்க் கூட்டிக்கினு வாங்க. எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

"எங்க இருந்துச்சின்னு கேப்பாங்களே, என்னா சொல்றது? எங்கப்பனுக்கு மூளையில ரத்தம் ஓடல, அஞ்சு வருசம் முன்னால போன சாவடிக்குப் பயந்து ஒளிச்சாருன்னா? நாளைக்கே திருப்பாதிரிப்புலியூர்க்காரன் தட்ட மாத்தி வேற வூட்ல வெச்சிடுவான்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. "மால கெடச்சிதுன்னு மட்டும் சொல்லு. கொளஞ்சி பயந்துபோயி சந்து வழியா உள்ள வீசிட்டுப் போயிட்டான்னு சொல்லு. போலீசுக்குப் போகாம வுட்டதால உனக்கும் பெருந்தன்மைன்னு பேரு."

கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நல்ல விலை படிந்த முகம். செல்வாம்பாள் உள்ளே போனாள். யோசித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதை வாங்கத்தான் ஆளில்லை. சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை பெரிய கடை முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு கொளஞ்சி எந்த மண்டியில் ஏறி வேலை கேட்டாலும், ஆள் தேவைப்படும்போது சொல்கிறேன் என்றார்கள். எங்கள் மண்டிக்கும் வந்தார். எங்கள் அப்பா அதையேதான் சொன்னார். நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் நிச்சயதாம்பூலம். காலை ஒன்பதுக்கு முகூர்த்தம் குறித்ததே முதலியாருக்காகத்தான். பட்டு வேட்டி கட்டி நாற்காலியில் உட்காரவைத்தோம். கம்பீரமாக இருந்தார். வந்தவர்களைக் கைகூப்பி வரவேற்றார். சம்பந்தி, செல்வாம்பாள் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்து, "பிரெஞ்சுக் காசுங்களா? இப்பத் தேடினாலும் கெடைக்காதே" என்றார்.

முதலியார் முன்னால் சாய்ந்தார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "கெடைக்காதுங்க. இத நான்தான் தோல் மூட்டைக்குள்ள ஒளிச்சி வெச்சன். கொளஞ்சி எடுத்தான்னு இவன் அவன அடிச்சிப்புட்டான். தப்பு. அவன் எடுக்கல. கொளஞ்சி எங்கடா? வரச் சொல்லு."

டாக்டர் சொன்ன மடை அந்தக் காலை திறந்திருந்தது. தண்ணீர் கடைமடைவரை போயிருந்தது. வீட்டில் ஒருவரும் சொல்லத் துணியாததை, ஞாபகம் இல்லாத மனிதர் சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். சம்பந்தி தலையைத் திருப்பிக் கலியமூர்த்தியைப் பார்த்தார். அவன் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து இறங்கியது.

நான் சத்தமாகச் சொன்னேன். "மாமா! சரக்க எங்க ஒளிப்பீங்கன்னு சம்பந்திகிட்ட மொத நாளே சொல்லிட்டீங்களே! இனிமே அவரு சீர் கேக்க மாட்டாரு, நேரா வந்து தோல் மூட்டையத்தான் அவுப்பாரு!"

சம்பந்தி வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. முதலியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சொன்னது சரிதானா என்று தேடுகிற பார்வை. பிறகு அவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவிட்டால் தனக்கு விளங்கவில்லை என்பது தெரியாது. அந்தத் தந்திரத்தை அவர் எப்போதோ கற்றுவைத்திருந்தார். அவரிடம் மீதியிருந்த ஒரு உண்மையையும் நாங்கள் சிரித்தே பொய்யாக்கினோம். செல்வாம்பாள் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மணப்பெண் நாணம் என்று பேசிக்கொண்டார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆவணியிலிருந்து மண்டி சாயத் தொடங்கியது. குரல் கொடுக்க ஆளில்லாமல், வருகிற குடியானவர்களை முதலியார் ஆள் மாற்றிப் பேசினார். ஒரு நாள் துண்டுக்கடியில் முப்பத்தொரு ரூபாய் சரக்குக்கு நாற்பத்தொன்று பிடித்துவிட்டார். குடியானவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்: "என்னா முதலாளி, ஆள வெச்சி வெளையாடறீங்களா?" கூடக் கொடுத்ததற்கே கோபித்துக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான். விரலும் போய்விட்டது என்று அன்று தெரிந்தது. மத்தியானத்தில் சாப்பிட மறுத்தார். தட்டைத் தள்ளிவிட்டு, "கொளஞ்சி வரட்டும்" என்பார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கலியமூர்த்தியும் நானும் முருங்கப்பாக்கம் போனோம். மனசாட்சி உதைத்துப் போனோம் என்று எழுத ஆசைதான். மண்டி உதைத்துத்தான் போனோம்.

கொளஞ்சி தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தார். நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று கூலி. தோள் எலும்பு தெரிந்தது. அஞ்சலாட்சி கூழ் துழாவிக்கொண்டே எங்களைப் பார்த்தாள்.

"வாங்க முதலாளி, வாங்க செட்டியாரே. மோதரம் கீதரம் போட்டிருந்தா எண்ணிப் பாத்துக்கினு உள்ள வாங்க. திருட்டு வூடு."

"சும்மா இரு" என்றார் கொளஞ்சி. பாயை உதறிப் போட்டார். "பெரியவரு எப்பிடி இருக்காரு?"

"சாப்புட மாட்டேங்கறாரு. உன்னத்தான் கேக்கறாரு" என்றான் கலியமூர்த்தி.

"படுத்துக் கெடந்தா சடார்னு எழுப்புறீங்களா?"

"அவசரத்துல ஆளுங்க எழுப்பிடறாங்க."

"எழுப்பக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரில்ல? கால தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உக்கார வெச்சி அப்புறம் எழுப்புங்க. வேணாங்கச்சொல்ல தட்ட எடுத்துடுங்க. கொஞ்சம் பொறுத்துப் புதுசா கொண்டாற மாதிரி கொண்டாங்க. மறந்துட்டுத் துன்னுடுவாரு."

கலியமூர்த்தி பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தோல் மூட்டை, முடிச்சு, சாவடி. நான் சொல்லிக்கொடுத்த பொய்யையும் சொன்னான். யார் சொல்லிக்கொடுத்தது என்பதை மட்டும் விட்டான். அந்த நட்பு எனக்கு முள்ளாகக் குத்தியது. நானே சொன்னேன். "அது நான் சொல்லிக் குடுத்தது கொளஞ்சி."

"தெரியும். அந்தமாரி வார்த்த இவருக்கு வராது."

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் கொளஞ்சி. என்ன மன்னிச்சிடு. வேலைக்கு வா. கூலி ஏத்தித் தரேன்" என்றான் கலியமூர்த்தி.

அஞ்சலாட்சி துடுப்பை நிறுத்தினாள். "எடுக்கலன்னு எங்களுக்கே வந்து சொல்றாரு பாரு! நாங்க என்னா, எடுத்தோமோ இல்லியோன்னு ரோசன பண்ணிக்கினா இருந்தோம்?"

கொளஞ்சி முடைந்த கீற்றை ஒதுக்கிவைத்தார். "நான் வரேன். எனக்குக் கூலி ஏத்த வேணாம். மண்டியில, நாலு மணிக்கு, வண்டி அவுத்துப் போட்டிருக்கச்சொல்ல, தராசுக்கிட்ட நின்னு இதே வார்த்தைய சொல்லுங்க. அன்னிக்கே நான் வாயத் தொறந்திருப்பன். பாப்பா கல்யாணம் நிக்கும்னுதான் உங்கள சொல்லச் சொன்னன்."

"அங்க சொன்னா…" கலியமூர்த்தி தரையைப் பார்த்தான். "தங்கச்சி முழுகாம இருக்குது. மூணு மாசம். இப்பப் போயி அவங்கப்பனுக்கு இப்பிடின்னு தெரிஞ்சா, ஈரல் சமாச்சாரமும் தெரிஞ்சா, அந்த வூட்ல அத வாழ வுடுவாங்களா? கொழந்த பொறக்கட்டும். அதுக்கப்புறம் சொல்றன். சத்தியமா."

"கொழந்த பொறந்தா பேர் வெக்கட்டும்பீங்க. அப்புறம் காது குத்தட்டும்பீங்க" என்றாள் அஞ்சலாட்சி.

கொளஞ்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டை அளக்கிறபோது இருக்கிற அதே நிதானத்தோடு விரலை மடக்கினார்.

"அன்னிக்கு அங்க யார் யாரு இருந்தாங்கன்னு நான் எண்ணி வெச்சிருக்கன் முதலாளி. மண்டிக்காரங்க பதினாலு பேரு. மூட்ட தூக்கறவங்க பதினொண்ணு. வண்டிக்காரங்க ஒம்போது. ஒடப்புக்காரப் பொம்பளைங்க பதினேழு. எங்க ஊரு ஆளுங்க, சரக்கோட வந்தவங்க, அஞ்சு. டீக்கடைக்காரரு ஒருத்தர். ஐம்பத்தேழு பேரு. ஐம்பத்தேழு பேரும் காதால கேட்டாங்க. பேர் சொல்லச் சொன்னாலும் சொல்லுவன். என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. எனக்குத்தான் முன்னயே தெரியுமே. ஐம்பத்தேழுல ஒண்ணுகூடக் கழியல."

திரும்பி வரும்போது வேடிக்கையாகச் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை.

முதலியார் மறுவருஷம் மாசியில் போனார். செல்வாம்பாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேர் வைத்தார்கள், காது குத்தினார்கள். மண்டியை விற்றுவிட்டுக் கலியமூர்த்தி கடலூர் பக்கம் போய்விட்டான். தராசுக்குப் பக்கத்தில் நின்று யாரும் எதையும் சொல்லவில்லை. அறுபத்திரண்டில் கொளஞ்சி உப்பளத்தில் ஒரு கிடங்கில் காவலுக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்த ஐம்பத்தேழு பேரின் பெயரையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அவர் என்னத்துக்கு என்று கேட்கவில்லை. ஒரு பெயர் தடுமாறாமல் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சிலர், "எந்தக் கொளஞ்சி?" என்று கேட்கிறார்கள். "அடிபட்டானே, அந்தத் திருடனா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. உட்கார்ந்து முதலிலிருந்து சொல்கிறேன்; என் பங்கையும் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர்கள் அன்று அங்கே இல்லை.

கேட்டவர்கள் ஐம்பத்தேழு. இதுவரை சொன்னது பத்தொன்பது. இறந்துபோனவர்கள் இருபத்திரண்டு, அவர்களைத் தள்ளுபடி செய்ய மனம் வரவில்லை.

பாக்கி முப்பத்தெட்டு.